லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணணுமா? சம்பள ஸ்லிப்பும் செட்டிங்ஸும் தொலையாம செய்யற வழி

எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசிட்டிருக்கற இடத்துல திடீர்னு லினக்ஸ் எதுக்குன்னு நினைக்கலாம். பணத்துக்காகத்தான்.

கோட்டுச்சேரிமேட்டுல இருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். சென்னை கம்பெனியில வேலை, வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்தே பார்க்கிறார். சொந்த லேப்டாப், உபுண்டு 20.04. அப்டேட் ஓடிட்டிருக்கும்போது கரன்ட் போயிடுச்சு, பேட்டரியும் வீக். அதுக்கப்புறம் பாஸ்வேர்டு போட்டா கறுப்புத் திரை மட்டும்தான் வருது. டவுன்ல ஒரு கடையில காட்டினா, "ஃபார்மேட் பண்ணணும் சார், டேட்டாவுக்கு கேரன்டி கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க.

அவர் பயம் லேப்டாப்பைப் பத்தி இல்ல. முந்தைய கம்பெனியோட மூணு வருஷ சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர் எல்லாம் அதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. வீட்டுக் கடனுக்கு அப்ளை பண்ற நேரம் வேற. "45,000 ரூபாய்க்கு புதுசு ஒண்ணு இஎம்ஐல வாங்கிக்கிட்டு, பழசைத் தொடாம அப்படியே எடுத்து வெச்சுடலாமா அண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

வேணாம் தம்பி. புது லேப்டாப் வாங்கினா பழசுக்குள்ள இருக்கற ஃபைல் தானா வெளிய வந்துடாது. நோ காஸ்ட் இஎம்ஐங்கறதும் முழுசா இலவசம் இல்ல. வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சுத் தர்றார், ஆனா அந்த வட்டி மேல விழற 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான். இந்த வேலையைச் சரியா பண்ணினா ஆகற செலவு ஒரு பென்டிரைவ், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒரு ஞாயித்துக்கிழமை. அவ்வளவுதான்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க. ரீஇன்ஸ்டால் உண்மையிலேயே வேணுமா? உபுண்டு 20.04க்கு வழக்கமான சப்போர்ட் 2025 மே மாசத்தோட முடிஞ்சது. 22.04க்கு 2027 ஏப்ரல் வரைக்கும், 24.04க்கு 2029 வரைக்கும் இருக்கு. உங்க சிஸ்டம் நல்லா ஓடிட்டிருந்து, "பழசாயிடுச்சே"ங்கறது மட்டும்தான் கவலைன்னா, 20.04ல இருந்து 22.04, அங்கிருந்து 24.04னு படிப்படியா அப்கிரேடு பண்ணிக்கலாம், ஃபைல் எதுவும் நகராது. இல்லேன்னா உபுண்டு ப்ரோ இருக்கு. சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரைக்கும் இலவசம், வெளியான தேதியில இருந்து மொத்தம் 10 வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும். இவ்வளவு நல்ல இலவசத்தை நம்ம ஆளுங்க பாதிப்பேர் பயன்படுத்தறதே இல்லங்கறது என் வருத்தம்.

சிஸ்டம் உடைஞ்சே போச்சுன்னா அடுத்த வழி ரீஇன்ஸ்டால். இன்னொண்ணு, இது சொந்த லேப்டாப்புக்கு மட்டும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்புல கை வைக்காதீங்க. அது உங்க ஐடி டீமோட பொருள்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். "ஃபார்மேட் பண்ணா எல்லாம் போயிடும்"ங்கறது விண்டோஸ் காலத்துல இருந்து நம்ம மனசுல பதிஞ்ச பயம். லினக்ஸ்ல சிஸ்டம் ஒரு பக்கம், உங்க உடைமை ஒரு பக்கம்னு கோடு போட்டே பிரிச்சு வெச்சிருக்காங்க. டெல்டா பக்கம் கூரை வீட்டுக்குக் கீத்து மாத்தறதைப் பார்த்திருப்பீங்க. பழைய கீத்தை மொத்தமா பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசு வேய்வாங்க. அதுக்காக உள்ள இருக்கற அரிசிப் பானையையும் டிரங்குப் பெட்டியையும் யாரும் தூக்கி எறியறதில்ல. ஆனா தூசியும் தண்ணியும் படாம முன்னாடியே நகர்த்தி வைக்கணும். நகர்த்தாம ஆளை மேல ஏத்தினா அது நம்ம தப்பு.

லினக்ஸ்ல டிரங்குப் பெட்டிக்குப் பேரு ஹோம். உங்க யூசர் பேர்ல ஹோமுக்குள்ள ஒரு ஃபோல்டர் இருக்கும். டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான். கீத்து, கழி, கயிறு எல்லாம் ரூட் பக்கம். ரீஇன்ஸ்டால்ங்கறது ரூட்டை மாத்தறது. ஹோமை மாத்தற வேலையே இல்ல.

செட்டிங்ஸ் எங்க இருக்கு? அதுவும் பெரும்பாலும் ஹோமுக்குள்ளதான், கண்ணுக்குத் தெரியாம. ஃபைல் மேனேஜரைத் திறந்து கன்ட்ரோல் கீயோட ஹெச் அழுத்துங்க. புள்ளியில ஆரம்பிக்கிற பேரோட ஒரு கூட்டமே வெளிய வரும். புள்ளி மொஸில்லாவுல ஃபயர்ஃபாக்ஸோட புக்மார்க், சேவ் பண்ணின பாஸ்வேர்டு. புள்ளி தண்டர்பேர்டுல மெயில். புள்ளி கான்ஃபிக், புள்ளி லோக்கல் ரெண்டுலயும் டெஸ்க்டாப் அமைப்புல இருந்து லிப்ரே ஆபீஸ் வரைக்கும் பல புரோகிராமோட செட்டிங்ஸ். புள்ளி எஸ்எஸ்ஹெச்ல உங்க சாவிகள். ஃப்ளாட்பேக் மூலமா போட்ட ஆப் எல்லாம் புள்ளி வார்ங்கற ஃபோல்டர்ல. ஸ்நாப் ஆப் மட்டும் புள்ளி இல்லாத ஸ்நாப் ஃபோல்டர்ல இருக்கும். பலபேர் தடுக்கி விழற இடம் இது. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் காப்பி பண்ணிட்டு "பேக்கப் முடிஞ்சது"ன்னு நினைச்சுக்குவாங்க. ஃபைல் வந்துடும், ரெண்டு வருஷ பாஸ்வேர்டு வராது.

குரோம் வெச்சிருக்கறவங்க கவனிங்க. அதோட ஃபோல்டரை மட்டும் தூக்கிட்டு வந்தா சேவ் பண்ணின பாஸ்வேர்டு திறக்காம போகலாம். அதைப் பூட்டின சாவி கீரிங்னு தனியா, புள்ளி லோக்கலுக்குள்ள இருக்கு. அந்தக் கீரிங்குக்குச் சாவி உங்க பழைய லாகின் பாஸ்வேர்டு. அதனால ஹோமை மொத்தமா எடுங்க, பழைய லாகின் பாஸ்வேர்டையும் மறக்காதீங்க.

ஹோமுக்கு வெளிய இருக்கறதும் கொஞ்சம் உண்டு. வைஃபை பாஸ்வேர்டு, பிரின்டர் அமைப்பு, நேரம் வெச்சு ஓட விட்ட கிரான் வேலைகள். டெவலப்பரா இருந்தா மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். வைஃபையையும் பிரின்டரையும் அஞ்சு நிமிஷத்துல மறுபடி போட்டுக்கலாம். டேட்டாபேஸை மட்டும் முறையா டம்ப் எடுத்து ஹோமுக்குள்ள வெச்சுடுங்க.

சரி, நம்ம சேனல் வேலைக்கு வருவோம். பேக்கப் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து நடுவுல கோடு போடுங்க. இந்தப் பக்கம், தொலைஞ்சா மறுபடி டவுன்லோடு பண்ணிக்கக் கூடியது. அந்தப் பக்கம், தொலைஞ்சா யாரும் தர மாட்டாங்கங்கறது.

முதல் பக்கம் நீளமா வரும். 26ஏஎஸ், ஏஐஎஸ், தாக்கல் பண்ணின ரிட்டர்ன் எல்லாம் வருமான வரி போர்ட்டல்ல இருக்கு. பிஎஃப் பாஸ்புக் யுஏஎன் போட்டா வரும். மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு கேம்ஸ், கேஃபின்டெக்ல கேட்டா மெயிலுக்கு வந்துடும். ஆதார், டிரைவிங் லைசன்ஸ் டிஜிலாக்கர்ல. இதுக்கெல்லாம் தூக்கம் கெட வேணாம்.

ரெண்டாவது பக்கம் சின்னது, ஆனா கனமானது. பழைய கம்பெனியோட சம்பள ஸ்லிப்தான் முதல்ல. கடைசி வேலை நாளோட ஹெச்ஆர் போர்ட்டல் லாகினை மூடிடுவாங்க. ஃபார்ம் 16ஐயும் நீங்களா டிரேசஸ் தளத்துல போய் எடுக்க முடியாது, வரி பிடிச்ச கம்பெனிதான் எடுத்துத் தரணும். ரெண்டு வருஷம் கழிச்சு பழைய ஹெச்ஆருக்கு மெயில் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவங்களுக்குத் தெரியும் அந்த வலி. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று. வீட்டு வாடகை ஒப்பந்தத்தோட ஸ்கேன். அப்பா நிலம் வாங்கின பழைய பத்திரத்தை போன்ல எடுத்த படம். நீங்களே போட்டு வெச்ச வரவு செலவுக் கணக்கு, குனூகேஷ் ஃபைல். பாஸ்வேர்டு வெச்சிருக்கற கீபாஸ் ஃபைல். அப்புறம் போட்டோ. வங்கி கேட்கிறப்ப ஒரு சம்பள ஸ்லிப் இல்லேன்னா, அங்க லோன் ஃபைலே நின்னுடும்.

இந்த ரெண்டாவது பக்கம் ரெண்டு இடத்துல இருக்கணும். ஒண்ணு வீட்டை விட்டு வெளிய. கடலோர ஊர்க்காரங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. 2004 டிசம்பர் 26ல காரைக்கால் கரையில இருந்த மீனவ ஊர்கள்ல உயிரும் வீடும் போனதோட, ரேஷன் கார்டு, பாஸ்புக், பத்திரம்னு காகிதமும் போச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தப்ப டெல்டாவே இருட்டுல கிடந்தது. லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே பீரோவுல இருந்தா அது ஒரு காப்பிதான். மயிலாடுதுறையில அக்கா வீடு இருந்தா ஒண்ணை அங்க கொடுத்து வைங்க, இல்லேன்னா பூட்டின ஃபைலா கிளவுடுல போடுங்க.

பேக்கப் எப்படி எடுக்கறது? அந்தத் தம்பி மாதிரி டெஸ்க்டாப்பே வரலேன்னாலும் பிரச்சினை இல்ல. வேற ஒரு கம்ப்யூட்டர்ல லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ இறக்கி, பலேனா எட்சர் மாதிரி ஒரு டூல் வெச்சுப் பென்டிரைவுல ஏத்திக்கங்க. அந்தப் பென்டிரைவுல இருந்து லேப்டாப்பை பூட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணாம, 'ட்ரை' மோடுலயே இருங்க. ஃபைல் மேனேஜர்ல உங்க ஹார்டு டிஸ்க் தெரியும், திறந்தா ஹோம் அப்படியே இருக்கும். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் இருந்தது. டிஸ்க்கை முன்னாடியே என்கிரிப்ட் பண்ணியிருந்தா பாஸ்வேர்டு கேட்கும். அது தெரியாட்டி உள்ள போக எந்தக் கடைக்காரராலும் முடியாது.

காப்பி பண்ற டிஸ்க் எந்த ஃபார்மேட்ல இருக்குன்னு பாருங்க. ஃபேட்32ன்னா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் போகாது. எக்ஸ்ஃபேட்ல போகும், ஆனா யாரோட ஃபைல், யாருக்கு அனுமதிங்கற லினக்ஸ் விவரம் தங்காது. சம்பள ஸ்லிப்புக்கு அது பரவாயில்ல, எஸ்எஸ்ஹெச் சாவிக்கும் செட்டிங்ஸுக்கும் தொந்தரவு. டிஸ்க்கை எக்ஸ்ட்4ஆ மாத்திக்கங்க, இல்லேன்னா ஹோமை மொத்தமா ஒரு டார் ஃபைலா கட்டிடுங்க. அதுக்கான கட்டளையை வீடியோவுல ஒவ்வொரு எழுத்தா காட்டியிருக்கேன்.

சிஸ்டம் இன்னும் ஓடுதுன்னா மின்ட்ல பேக்கப் டூல்னே ஒண்ணு இருக்கு. ஹோமையும் எடுக்கும், நீங்க போட்டிருக்கற புரோகிராம் லிஸ்டையும் தனியா எடுத்துத் தரும். டைம்ஷிஃப்டை நம்பி உட்கார்ந்துடாதீங்க. அது சிஸ்டத்தைத்தான் படம் பிடிக்கும். ஹோமை நாமளா சேர்க்கச் சொன்னாத்தான் சேர்க்கும்.

எடுத்த பேக்கப்பைத் திறந்து பாருங்க. இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு ஃபார்ம் 16, ஒரு போட்டோ, கணக்கு ஃபைல் ஒண்ணு திறக்குதான்னு பாருங்க. புள்ளி ஃபோல்டர் எல்லாம் வந்திருக்கான்னும் எண்ணிடுங்க. பார்த்தாச்சுன்னா டிஸ்க்கைக் கழட்டி வேற ரூம்ல வைங்க. கழட்டறது ரொம்ப முக்கியம். இன்ஸ்டாலர் திரையில ரெண்டு டிஸ்க் வரிசையா நிக்கிறப்ப, ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல பேக்கப் டிஸ்க்கையே அழிச்ச கதை ஊர் முழுக்க இருக்கு.

இப்ப இன்ஸ்டால். சார்ஜர் சொருகியிருக்கட்டும், பேட்டரியும் நல்லா இருக்கட்டும். பேட்டரி செத்த லேப்டாப்னா யுபிஎஸ் இல்லாம ஐப்பசி, கார்த்திகை மழையில ஆரம்பிக்காதீங்க. நம்ம பக்கம் காத்து வீசினா கரன்ட் போறது உங்களுக்கே தெரியும்.

எங்க இன்ஸ்டால் பண்ணணும்னு கேட்கற திரைதான் மொத்த விஷயமும். 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்'ங்கறது முதல்ல நிக்கும், அதை அழுத்தினா ஹோமும் சேர்ந்து காலி. நீங்க போக வேண்டியது மின்ட்ல 'சம்திங் எல்ஸ்'. புது உபுண்டுல 'மேனுவல்'. உள்ள பார்ட்டிஷன் வரிசை தெரியும். சைஸை வெச்சு அடையாளம் பிடிங்க, பேரை வெச்சு இல்ல. சில நூறு எம்பி அளவுல ஃபேட்32ஆ இருக்கறது பெரும்பாலும் இஎஃப்ஐ. அதுல விண்டோஸோட பூட் விவரமும் இருக்கும், அதனால ஃபார்மேட் டிக் போடாதீங்க. ரூட் இருந்த பார்ட்டிஷனை எடுத்து மவுன்ட் பாயின்ட்டுக்கு ஒரு சாய்கோடு, ஃபார்மேட் டிக் உண்டு. ஹோம் தனி பார்ட்டிஷனா இருந்தா அதுக்கு மவுன்ட் பாயின்ட் ஹோம், ஃபார்மேட் டிக் கிடையவே கிடையாது. என்டிஎஃப்எஸ்னு இருக்கறது விண்டோஸ், தொட வேணாம். 'இன்ஸ்டால் நவ்' அழுத்தினதும் எதையெல்லாம் ஃபார்மேட் பண்ணப்போறேன்னு ஒரு லிஸ்ட் காட்டும். அதுல ஹோம் பேர் இருந்தா பின்வாங்குங்க. அந்த லிஸ்ட்டை வாய்விட்டுப் படிங்கன்னே நான் சொல்வேன்.

ஹோம் தனியா இல்லாம ரூட்டுக்குள்ளயே இருக்கற லேப்டாப்தான் அதிகம். சாதாரணமா 'அடுத்து, அடுத்து'ன்னு அழுத்தி இன்ஸ்டால் பண்ணினா அப்படித்தான் வரும். அந்தத் தம்பியோடதும் அதேதான். மின்ட் இன்ஸ்டாலர்ல, பழைய உபுண்டு இன்ஸ்டாலர்ல ஒரு வழி இருக்கு. ரூட்டைத் தேர்ந்தெடுத்து ஃபார்மேட் டிக் போடாம விட்டா, சிஸ்டம் ஃபோல்டர்களை மட்டும் அழிச்சுட்டு ஹோமை விட்டுடும். எல்லா இன்ஸ்டாலரும் இப்படிச் செய்யாது, அதனால இதை மட்டும் நம்பி பேக்கப் இல்லாம இறங்காதீங்க. பேக்கப் கையில இருந்தா இன்னொரு நல்ல வழி: மொத்தமா ஃபார்மேட் பண்ணி, இந்த வாட்டி ஹோமைத் தனி பார்ட்டிஷனா பிரிச்சு, பேக்கப்பைத் திருப்பி ஊத்திடுங்க. நான் அவருக்குச் சொன்னது இதைத்தான். ரூட்டுக்கு 50, 60 ஜிபி விட்டா சாதாரண வேலைக்குத் தாராளம், மீதி ஹோமுக்கு.

யூசர் பேர் கேட்கும்போது பழைய பேரையே, சின்ன எழுத்து உட்பட அப்படியே கொடுங்க. முதல் யூசருக்கு லினக்ஸ் உள்ளுக்குள்ள 1000னு ஒரு நம்பர் கொடுக்கும், உங்க பழைய ஃபைல் எல்லாம் அந்த 1000க்குச் சொந்தம். பேரும் நம்பரும் பொருந்தினா லாகின் பண்ணின உடனே பழைய வால்பேப்பரோட உங்க டெஸ்க்டாப் வந்து நிக்கும். முதல் தடவை பார்க்கறவங்களுக்கு அது ஒரு சந்தோஷம்தான். பொருந்தாட்டி ஃபைல் தெரியும், திறக்க விடாது. அழியல, சொந்தக்காரர் மாறியிருக்கு, அவ்வளவுதான். அதைச் சரி பண்ற ஒரு வரியும் வீடியோவுல இருக்கு.

ஃபயர்ஃபாக்ஸ் காலியா திறந்தாலும் பதறாதீங்க. 22.04ல இருந்து உபுண்டு ஃபயர்ஃபாக்ஸை ஸ்நாப்பா தருது, அது ப்ரொஃபைலை ஸ்நாப் ஃபோல்டருக்குள்ள தேடும். பழைய ப்ரொஃபைல் புள்ளி மொஸில்லாவுல பத்திரமா இருக்கும், எடுத்து உள்ள வெச்சாப் போதும். டெஸ்க்டாப் கோணலா நடந்துக்கிட்டா, பழைய செட்டிங்ஸ் புது வெர்ஷனோட ஒத்துப்போகலன்னு அர்த்தம். புள்ளி கான்ஃபிக் பேரை மாத்தி வெச்சுட்டு வெளிய போய் உள்ள வாங்க, புதுசா ஒண்ணு உருவாகும். வேண்டியதைப் பழசுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம்.

நண்டலாறு தாண்டி பொறையார், தரங்கம்பாடி பக்கம் சொந்தக்காரங்க வீட்ல தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒண்ணு பரண்ல கிடக்கலாம். 2011ல ஆரம்பிச்ச திட்டம், எல்காட் மூலமா வந்தது. பாஸ் லினக்ஸ் போட்டு வந்ததும் அதுல உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கினது அது, டெபியன் வழி வந்ததுதான். அதனால மேல சொன்ன ஹோம் கணக்கு அங்கயும் பொருந்தும். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு லைவ் பென்டிரைவ் போட்டு ஹோமைத் திறந்து பாருங்க. யாரோ ஒரு பொண்ணோட காலேஜ் பிராஜெக்ட்டும் தாத்தா போட்டோவும் அதுல இருக்கலாம். எடுத்துட்டு எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான டெஸ்க்டாப் போட்டா, தம்பி தங்கச்சிங்க டைப்பிங் பழக இன்னும் சில வருஷம் ஓடும்.

நடுவுல மாட்டிக்கிட்டா தமிழ்லயே கேட்க ஆள் இருக்காங்க. விழுப்புரம், காஞ்சிபுரத்துல லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கு, புதுச்சேரியில கட்டற்ற மென்பொருள் இயக்கம் இருக்கு. 2012ல ஆரம்பிச்ச கணியம் தளத்துல தமிழ்ல எழுதியும் வெச்சிருக்காங்க. காசு கேட்க மாட்டாங்க.

எல்லாம் முடிஞ்சதும் பேக்கப் டிஸ்க்கை உடனே அழிச்சு சினிமா ஏத்தாதீங்க. ஒரு மாசம் போகட்டும். எது வரலங்கறது, அதைத் தேடற அன்னிக்குத்தான் தெரியும். அந்த டிஸ்க்குல இப்ப உங்க பான், சம்பளம், அக்கவுன்ட் நம்பர் மொத்தமும் இருக்கு, அதனால பூட்டு போடுங்க. டிஸ்க்ஸ்னு உபுண்டு, மின்ட்லயே இருக்கற புரோகிராம்ல ஃபார்மேட் பண்ணும்போது 'பாஸ்வேர்டு பாதுகாப்பு'க்கு ஒரு டிக் இருக்கு, காப்பி பண்றதுக்கு முன்னாடியே அதைப் போட்டுடணும். அந்தப் பாஸ்வேர்டை வீட்ல இன்னொருத்தருக்கும் சொல்லி வைங்க. நாமினி பேர் எழுதறோம் இல்லையா, அது மாதிரி.